தண்ணி அம்மா

இயேசு மரி சூசை
சென்னை
10.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

டோரதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மடத்தில் எல்லாரும் உடல் சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள்.

மாதா பிறந்தநாள் பூசைக்கு நான் மட்டும் போய் வந்தேன். இவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியவில்லை. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. திங்களும் வியாழனும் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புகிறார்கள். அதைவிடப் போகிற வழிதான் உயிரை வாங்குகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பஸ் நகராது. இருபத்தாறு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இப்போது ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு லாரிகளை எண்ணுகிறார். போன வியாழன் அறுபத்து மூன்று.

தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று தம்ளர்தான். டீ, கஞ்சி எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் போனால் உடம்பில் தங்கி நெஞ்சை அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குடிக்கக் குடிக்க நோட்டில் கோடு போட்டுவருகிறேன். அந்த மிஷின் மட்டும் ஒரு முறைக்கு நூற்றிருபது லிட்டர் எடுத்துக்கொள்ளுமாம். அதைக் கேட்டதிலிருந்து இவருக்கு அதே பேச்சு. “அதுக்கு நூத்திருவது லிட்டரு, எனக்கு மூணு கிளாஸு. மிஷினா பொறந்திருக்கலாம்மே.”

விஷயம் என்னவென்றால், நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மிஷின் நான்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. மாடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கிறது. அங்கே நர்ஸாக இருக்கும் வரலட்சுமி சொன்னாள். மிஷினுக்கென்று தனியாகத் தண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. பிளாண்ட் போட்டால்தான் ஓட்ட முடியுமாம். எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போன் செய்து விடாமல் கேளுங்கள் என்கிறாள்.

எட்டாவதோடு நின்றவள் நான். பெரிய இடத்தில் எப்படிப் பேசுவது, என்ன சொல்லிக் கேட்பது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை,
டோரதி

•

மடம்
22.9.2024

கிறிஸ்துவில் அன்புள்ள தங்கைக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே அனைவரும் நலம். உன் வீட்டுக்காரருக்காக, தம்பி சிலுவைமுத்துவுக்காக, தினமும் விடியற்கால ஜெபத்தில் ஒரு நிமிடம் தனியாக வைத்திருக்கிறேன்.

தயங்காமல் போன் செய். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். உன் வீட்டுக்காக என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் அது சலுகை. எல்லாருக்காகவும் கேட்டால் அதுவே ஜெபம். ஆண்டவர் கற்றுக்கொடுத்த பரலோக மந்திரத்தைச் சொல்லிப் பார். ‘எங்கள்’ என்றுதான் வருகிறது. ‘என்’ என்று ஓரிடத்திலும் இல்லை.

இங்கே நற்கருணை அப்பம் சுடும் வேலை அதிகம். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் எங்களுக்குக் கடிதம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். வருகிறவை பெட்டியில் இருக்கும், திருநாள் முடிந்துதான் பிரிப்போம். உறையின் மேல் ‘அவசரம்’ என்று எழுதியிருந்தால் மட்டும் மதர் உடனே கொடுப்பார். ஆகவே அதற்கு முன்பே எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
சகோ. டெபோரா

•

இ.ம.சூ.
சென்னை
15.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். முழங்காலைப் பற்றி மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். தண்ணீர் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பிக் கட்டம் போட்டேன். நாள், நேரம், எடுத்தவர், சொன்னது. கடைசியில் ‘யாருக்கு’ என்று ஒரு கட்டம். அதில் எல்லாருக்கும் என்று முன்பே எழுதிவிட்டேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் போன் செய்தேன். முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எழிலன் என்று ஒருவர் எடுத்தார். ஆபீஸ் உதவியாளராம். நம் பக்கத்துப் பையன்தான், பேச்சிலேயே தெரிந்தது.

நான் தாளைப் பார்த்து வாசித்தேன். அவர் எழுதிக்கொண்டு திருப்பி வாசித்துக் காட்டினார். ‘டயாலிசிஸ் மிஷினுக்கு ஆர்.ஓ. பிளாண்ட்’ என்று சரியாகவே இருந்தது. பிறகு கேட்டார்.

“யாருக்குமா? உங்க வூட்ல யார்னா பேஷண்ட் கீறாங்களா?”

“எல்லாருக்கும்தான் தம்பி” என்றேன்.

இவர் எதிரே கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், “வெளிய சேவலு எதுனா கூவுச்சா பாரு” என்றார். ராயப்பர் நம் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னபோது கூவியதே, அந்தச் சேவல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்குகிறது.

இதுவரை ஆறு அழைப்பு. “அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்மா” என்பது நான்கு முறை. அண்ணன் என்றால் எம்.எல்.ஏ.

உங்கள் தங்கை,
டோரதி

•

மடம்
4.11.2024

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. நானும் நலம். தம்பி சேவல் கூவியதா என்று கேட்டதை ஓய்வு நேரத்தில் சகோதரிகளிடம் சொன்னேன். எல்லாரும் சிரித்தோம். மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நீ பேசியது மிகவும் சரி. அப்படியே தொடர்ந்து கேள்.

சகோ. டெபோரா

•

இ.ம.சூ.
சென்னை
27.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை மறுநாளுக்குள் இது கிடைத்தால்தான் நீங்கள் படிப்பீர்கள், இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான். அதனால் அவசரமாக எழுதுகிறேன். மழைக்கு உங்கள் கால் குடைச்சல் கொடுக்கும். வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றோடு பத்தொன்பது அழைப்பு. இப்போதெல்லாம் தாள் தேவைப்படவில்லை. “தம்பி, அந்த ஆர்.ஓ. விஷயம்” என்றாலே எழிலனுக்குப் புரிகிறது. எனக்கு ஆபீசில் பேர் வைத்துவிட்டார்கள். போனை எடுத்து, “அண்ணே, தண்ணி அம்மா லைன்ல கீறாங்க” என்று உள்ளே பார்த்துச் சொல்கிறார். முதலில் கூச்சமாக இருந்தது. பேர் வைக்கும் அளவுக்காவது ஞாபகம் இருக்கிறதே என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன்.

போன வாரம் நேரிலும் போனேன். என்னோடு தஹ்சீன் வந்தாள். கொருக்குப்பேட்டைப் பெண், இருபத்தொன்பது வயது, இவருக்கு அடுத்த கட்டிலில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவள். நாங்கள் போகிற பஸ்ஸில்தான் வருவாள். “இன்னா ஆன்ட்டி, எம்.எல்.ஏ. ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துக்கினியா?” என்று கேலி செய்துகொண்டே வந்தாள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். பாதியில் தலை சுற்றுகிறது என்று வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே நான் மட்டும்.

எழிலன் நாற்காலி போட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மழையில் எங்கெங்கோ தண்ணீர் நிற்கிறது என்று ஊரே அவருக்குப் போன் செய்கிறது. “வூட்லேந்து நீ மட்டும் அலையிறியே, வூட்டுக்காரரு வர மாட்டாரா? ஒடம்பு கிடம்பு செரியில்லியா?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். எல்லாருக்காகவும் கேட்க வந்த இடத்தில் நம் கதையைச் சொல்லக் கூடாது என்று நீங்கள் எழுதியது நினைவில் இருந்தது.

இவர் இப்போது லாரி எண்ணுவதில்லை. பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுகிறார்.

உங்கள் தங்கை,
டோரதி

•

மடம்
27.12.2024

அன்புத் தங்கைக்கு,

பாலன் இயேசு உன் வீட்டை ஆசீர்வதிப்பாராக. உன் கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்து பெட்டியில் இருந்தது. நேற்றுதான் பிரித்தேன். தஹ்சீன் என்ற அந்தப் பெண்ணையும் என் ஒரு நிமிடத்தில் சேர்த்துக்கொண்டேன்.

தண்ணி அம்மா என்ற பெயர் அழகாக இருக்கிறது. நான் நலமாகவே இருக்கிறேன், கவலைப்படாதே. தம்பிக்கு இப்போதும் மூன்று தம்ளர்தானா?

சகோ. டெபோரா

•

இ.ம.சூ.
சென்னை
14.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாதாவுக்கு நன்றி. இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். ஜனவரி முழுக்க இவருக்குக் கால் வீக்கம். எழுத உட்கார்ந்தால் கூப்பிட்டுவிடுவார், கூப்பிடவில்லை என்றால் எனக்குப் பயமாக இருக்கும்.

நல்ல செய்தி. சாங்ஷன் ஆகிவிட்டது. முப்பத்து நான்காவது அழைப்பில் எழிலனே சொன்னார். “தண்ணி அம்மா, உன் பேரு புது டைரில மொத பக்கத்துல கீது. போன வருஷ டைரில இருந்து பாக்கி எல்லாத்தையும் எடுத்து எய்துனேன், உன்னுதுதான் மொதல்ல எய்துனேன்.” நான் அங்கேயே, போனைக் காதில் வைத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் குழி தோண்டி நீலக் குழாய் போடுகிறார்கள். தினமும் பூசை முடிந்து அந்த வழியாக வந்து பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்கு எழுத்துப்பூர்வமாக இன்னும் ஒன்றும் வரவில்லை என்கிறாள் வரலட்சுமி. அரசாங்கத்தில் காகிதம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தானே வரும் என்று நான் சொன்னேன்.

திறப்பு விழா இருபத்தேழாம் தேதி. வீட்டுக்காரரையும் கண்டிப்பாகக் கூட்டி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவரிடம் சொன்னேன். சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். வெள்ளைச் சட்டை, கழுத்து தொளதொளவென்று இருக்கிறது, பரவாயில்லை.

தம்ளர் கணக்கைக் கேட்டிருந்தீர்கள். மூன்றை இரண்டரை ஆக்கிவிட்டார் டாக்டர்.

உங்கள் தங்கை,
டோரதி

•

இ.ம.சூ.
சென்னை
28.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மடத்தில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

விழா நேற்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. பந்தல், மேளம், சால்வை எல்லாம் இருந்தது. ஆஸ்பத்திரி கேட் பக்கத்தில் ஒரு நீலப் பெட்டிக்கடை மாதிரி கட்டி, முன்னால் நான்கு எவர்சில்வர் குழாய் வைத்திருக்கிறார்கள். மேலே பலகை. ‘பொதுமக்களுக்குச் சுத்திகரிக்கப்பட்ட ஆர்.ஓ. குடிநீர்.’

நான் முதலில் அது வேறு என்று நினைத்தேன். மாடிக்குப் போகிற குழாய் எங்கே என்று எழிலனைக் கேட்டேன். “மாடிக்கு எதுக்குமா? ஜனங்க கீழதான வர்றாங்க” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாடி ஜன்னலில் வரலட்சுமி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பெயரை மைக்கில் சொன்னார்கள். எம்.எல்.ஏ. கும்பிட்டார். இவரைப் பார்த்து, “அய்யா இளைச்சாப்ல தெரியிறாரே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லியேம்மா?” என்று என்னைக் கேட்டார். அத்தனை பேர் முன்னால் ஒன்றுமில்லை என்றேன். முதல் தம்ளர் அய்யாவுக்குத்தான் என்று தானே பிடித்து இவர் கையில் கொடுத்தார். பெரிய தம்ளர். இவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று போட்டோக்காரர் இன்னொரு தம்ளர் கொடுக்கச் சொன்னார். அதை வாங்கும்போது இவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், “இன்னா ருசிமே, பச்சத் தண்ணி” என்றார்.

வேறு விசேஷம் இல்லை. தவக்காலம் வருகிறது, இனி ஈஸ்டர் திருநாளுக்குப் பிறகுதான் உங்கள் எழுத்தைப் பார்க்க முடியும்.

உங்கள் தங்கை,
டோரதி

•

மடம்
4.3.2025

அன்புத் தங்கைக்கு,

நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. உன் கடிதம் இன்று மதியம் கிடைத்தது. தபால்காரர் மறுபடி வருவதற்குள் இதை எழுதுகிறேன்.

விழா வியாழக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். வியாழன் தம்பியின் முறை நாள் அல்லவா? அன்று டயாலிசிஸுக்கு எப்போது போனீர்கள்? நீ எழுதவில்லை. மூன்று, இரண்டரை என்று தம்ளர் கணக்கை எழுதிவந்தவள், அன்றைய மொத்தக் கணக்கை எழுதவில்லை.

பதில் எழுது. உறையின் மேல் ‘அவசரம்’ என்று போடு. மதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா

•

இ.ம.சூ.
சென்னை
24.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, இவர் இறந்துபோனார். மறுநாள் அடக்கம். கோவிலில் இருந்து நிறையப் பேர் வந்தார்கள்.

உறையின் மேல் நான் அந்த வார்த்தையை எழுதவில்லை. அவசரமாக இருந்தபோது எழுத முடியவில்லை. எழுத முடிந்தபோது அவசரம் போய்விட்டது. நீங்கள் திருநாளுக்குப் பிறகு படித்தால் போதும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வியாழன் நாங்கள் டயாலிசிஸுக்குப் போகவில்லை. விழா என்றால் மாடியில் மிஷின் ஓடப்போகிறது, அன்றைக்கே முதல் ஆளாக இவரைப் படுக்க வைத்துவிடலாம் என்று நினைத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். விழா முடிந்ததும் அங்கே போன் செய்தேன். அடுத்த நாள் வாருங்கள், இடம் பார்க்கிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை போனோம். இடம் இல்லை. அங்கே வராந்தாவில் உட்கார்ந்துதான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். சனிக்கிழமை விடிந்ததும் மூச்சுத் திணறல். உள்ளே சேர்த்தார்கள். எட்டு நாள் வைத்துப் பார்த்தார்கள்.

ஏற்கனவே இதயம் பலவீனமாக இருந்தது, இரண்டு தம்ளர் தண்ணீரால் யாரும் போவதில்லை அம்மா, என்றார் டாக்டர். நல்ல மனிதர்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். மொத்தம் நாற்பத்தொரு அழைப்பு. டயாலிசிஸ் என்ற சொல்லை நான் சொன்னது ஆறாவது அழைப்பு வரைக்கும்தான். ஏழாவதிலிருந்து ‘ஆர்.ஓ. விஷயம்’. இருபதுக்குப் பிறகு ‘தண்ணி விஷயம்’. எழிலன் புது டைரிக்கு எதை எடுத்து எழுதியிருப்பார்? நான் சொன்னதைத்தான் எழுதியிருப்பார். இந்தப் பக்கம் தண்ணீர் என்றால் குடிப்பதற்குக் கேட்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்கு என்று மூன்று முறை கேட்டார்கள். போனில் ஒரு முறை, ஆபீசில் ஒரு முறை, பந்தலில் ஒரு முறை. மூன்று முறையும் நான் சொல்லவில்லை. ஒரு முறை சொல்லியிருந்தால் அந்தத் தம்ளரை நீட்டியிருக்க மாட்டார்கள்.

உங்களைக் குறை சொல்லி எழுதவில்லை.

தண்ணீர் நன்றாக வருகிறது. ஆட்டோக்காரர்கள், மீன் விற்கிறவர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

டோரதி

•

மடம்
21.4.2025

டோரதி,

திருநாள் பூசை முடிந்ததும் பெட்டியைத் திறந்தார்கள். உன்னுடையதுதான் மேலாக இருந்தது. நாற்பத்தொரு முறை ஆபீசுக்குப் போன் செய்தவள் மடத்துக்கு ஒரு முறைகூடச் செய்யவில்லை. இங்கேயும் ஒரு போன் இருக்கிறது. அடித்தால் மதர் எடுப்பார், என்னை அழைத்துக் கொடுப்பார். உனக்கும் அது தெரியும்.

நீ குறை சொல்லவில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன். முப்பத்தொரு வருடமாக எனக்கென்று ஒன்றும் கேட்காமல் பழகியவள் நான். கேட்காமலே மூன்று வேளையும் உணவு வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் இருந்துகொண்டு, கட்டிலில் நோயாளியை வைத்திருப்பவளுக்குப் புத்தி சொன்னேன். சேவலைப் பற்றித் தம்பி சொன்னபோது நாங்கள் இங்கே சிரித்தோம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று. திருவருகைக் காலத்திலிருந்து என்னால் முழங்கால் போட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் பூசை பார்க்கிறேன். நீ கேட்ட ஒவ்வொரு முறையும் நலம் என்று எழுதினேன். நம் இருவருக்கும் ஒரே நோய்தான்.

நான் மடத்துக்கு வந்த அன்று, இனிமேல் அக்காவை ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா உனக்குச் சொன்னார். அது போதும். ‘நீ’ என்று எழுது. கோபமாக எழுத வேண்டுமென்றாலும் எழுது.

தஹ்சீன் எப்படி இருக்கிறாள்?

அக்கா

•

இ.ம.சூ.
சென்னை
10.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

‘நீ’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு தாள் வீணானது. கை வரவில்லை. காலுக்கு டாக்டர் வந்து பார்க்கிறாரா இல்லையா என்று மட்டும் உண்மையாக எழுதவும்.

தஹ்சீன் இருக்கிறாள். இப்போதும் அதே பஸ்தான். போன வாரம் வழியில் மூன்று மணி நேரம் நின்றதாம். வந்து பார்த்துவிட்டுப் போனாள். சும்மா இருந்த தண்ணீர் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். பின்பக்கக் கட்டங்களைப் பார்த்து, “இன்னா ஆன்ட்டி, ஒன் சர்வீஸ் முடிஞ்சிதா?” என்றாள். பிறகு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் இருக்கிறது.

இனி போன் செய்யக் கூடாது என்றுதான் இருந்தேன். எழிலன் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை. அவர் ஒரு குற்றமும் செய்யாதவர் என்பதாலேயே பிடிக்கவில்லை. நேற்று பூசை முடிந்து வந்து, சாப்பிடாமல், போன் செய்தேன். நாற்பத்திரண்டாவது.

“தண்ணி அம்மாவா? எங்க ஆளையே காணோம்? தண்ணி நல்லா வர்தாமா?”

வருகிறது என்றேன். நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், எதையும் சுருக்கக் கூடாது என்றேன். சரி என்றார். மாடியில் நான்கு டயாலிசிஸ் மிஷின் நிற்பதையும், அதற்குப் போடுகிற ஆர்.ஓ. வேறு, குடிக்கிற ஆர்.ஓ. வேறு என்பதையும், வரலட்சுமி எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். டயாலிசிஸ் என்பதை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் டைரித் தாள்களை வேகமாகப் புரட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பிறகு கேட்டார், மெதுவாக.

“யாருக்குமா?”

“என் வூட்டுக்காரருக்கு” என்றேன். “சிலுவைமுத்து. உங்க அண்ணன் கையால மொத தம்ளர் வாங்கிக் குடிச்சாரே, அவருதான்.”

“அவரு இப்ப எப்டிமா கீறாரு?”

“நீ எழுதுப்பா. எழுதிட்டு வாசிச்சுக் காட்டு” என்றேன்.

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நடுவில் யாரோ உள்ளிருந்து கூப்பிட்டார்கள், இருங்க அண்ணே என்றார். அதன் கீழே தஹ்சீன், கொருக்குப்பேட்டை என்று சேர்க்கச் சொன்னேன். பஸ்ஸில் எங்களோடு வருகிற மற்ற ஏழு பேருடைய பெயர்களையும் சொன்னேன். அவரவரைக் கேட்டுத்தான் சொன்னேன்.

பிறகு வாசித்தார். ஆபீஸ் குரல் இல்லை, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி வாசித்தார். பெயர் வருகிற இடத்தில், ‘அவங்க வூட்டுக்காரருக்கு’ என்றுதான் மாற்றி எழுதியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை அக்கா. ‘என் வூட்டுக்காரர் சிலுவைமுத்துவுக்கு’ என்று, நான் சொன்ன ‘என்’ மாறாமல் வாசித்தார்.

சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். நோட்டில், எல்லாருக்கும் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு இவர் பெயரை எழுதினேன். திங்கட்கிழமை மறுபடி பேச வேண்டும்.

மடத்தில் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். முழங்காலைக் காட்டு. நாளைக்கே காட்டு.

உன் தங்கை,
டோரதி